நெகட்டிவில் மட்டும் இருந்த படங்கள்

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் மேலகரம் தாண்டி இருக்கிறது. சாரல் மாதங்களில் சுவர் முழுக்க ஈரம் இறங்கும். போன வருஷம் சாரல் முடிந்து பீரோவைத் திறந்தபோது, ஆல்பங்களுக்குள் படங்களின் ஓரத்தில் பூஞ்சை ஓடியிருந்தது. வீடியோ கேசட்டுகளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் நாடாவின் மேல் சுண்ணாம்பு தூவினாற்போல வெள்ளை. இன்னொரு சாரலை இவை தாங்காது என்று பட்டது. கோயம்புத்தூரில் பழைய படங்களையும் கேசட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பென்டிரைவில் தருகிற கடை ஒன்றை விசாரித்து வைத்தேன்.

அனுப்புவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று கடைக்காரர் வாட்ஸப்பில் சொல்லியிருந்தார். படத்தின் பின்னால் பேனாவால் எழுதக் கூடாது, பென்சில்தான். ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்கக் கூடாது, தையல் நூலை அடியில் விட்டு மெல்ல அறுத்து எடுக்க வேண்டும். நெகட்டிவை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். பூஞ்சை பிடித்த கேசட்டைப் போட்டுப் பார்க்கவே கூடாது, தனியாகக் கட்டி அனுப்ப வேண்டும்.

தனியாகச் செய்கிற வேலையில்லை என்பதால் அக்காளை வரச் சொன்னேன். அக்கா வடகரையில் இருக்கிறாள். அத்தானுக்குத் தென்னந்தோப்பு. பாவூர்சத்திரம் சந்தைக்குத் தேங்காய் ஏற்றிப் போகிற டெம்போவிலேயே காலையில் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து கூட்டிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

அப்பா கூடத்தில் நாற்காலியில் இருந்தார். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். வயது எண்பதைத் தாண்டியும் காது சுத்தம், கண்ணாடி போட்டால் கண்ணும் சுத்தம். நாங்கள் பாயை விரித்துப் படங்களைப் பரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஆல்பம் அக்காவின் முதல் கல்யாணத்துடையது.

மாப்பிள்ளை சிவகிரிப் பக்கம். கல்யாணமாகி ஆறேழு மாதத்தில், அவருக்கு வேறு ஊரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது தெரிந்தது. அப்பாவே போய் அக்காளைக் கூட்டி வந்தார். வந்த அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் இந்த ஆல்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அம்மாவின் தையல் கத்தரியால் ஒவ்வொரு படத்திலும் அந்த ஆளை வெட்டி எடுத்தார். நான் அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அக்கா அறைக்குள் படுத்திருந்தாள். நாலைந்து வருஷம் கழித்துத்தான் வடகரை சம்பந்தம் வந்தது. அதற்குள் அம்மா இறந்துவிட்டாள்.

அன்றைக்குப் பிறகு அந்த ஆல்பத்தை அக்கா திறந்ததே இல்லை. இப்போது மடியில் வைத்துத் திருப்பினாள். மாலை போட்ட கழுத்தோடு அவள் மட்டும் நிற்கிறாள், தோளுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. சில படங்களில் அவள் கையும் சேர்ந்து போயிருந்தது.

"ஏலே, அம்ம எங்க?" என்றாள்.

"எந்த அம்ம?"

"நம்ம அம்மதான். குரூப் போட்டோ எடுக்கும்போது போட்டோக்காரர் அம்மைய அந்தப் பக்கம் நிக்க வச்சாரு. மாமியார் மாப்ள பக்கம் நில்லுங்கன்னாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

இருவரும் தேடினோம். ஒரு படத்திலும் அம்மா இல்லை. மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் நின்றவள் அவரோடு சேர்ந்தே வெட்டுப்பட்டிருந்தாள். அம்மா போட்டோவுக்கு நிற்கவே மாட்டாள். சுவரில் மாட்டியிருப்பது வாக்காளர் அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது, அதில் யாரோ திட்டியதுபோல இருப்பாள்.

அக்கா ஆல்பத்தின் கடைசி அட்டையை நிமிர்த்தினாள். அதன் பின்னால் ஸ்டுடியோக்காரர் ஒட்டிய காகித உறை அப்படியே இருந்தது. உள்ளே நெகட்டிவ் சுருள்கள். அப்பாவின் கத்தரி அதற்குள் போகவில்லை.

அடுக்களையிலிருந்து வந்த என் மனைவி தன் போனில் வெள்ளைத் திரையை வரவைத்து, அதன்மேல் ஒரு நெகட்டிவ் துண்டை வைத்தாள். இன்னொரு போனில், நிறத்தைத் தலைகீழாக்கிக் காட்டுகிற வசதியைப் போட்டுக் கேமராவை மேலே பிடித்தாள். எல்லாம் நீலம் பாரித்துத் தெரிந்தது. ஆனாலும் நாலு பேர் நிற்பது தெரிந்தது. அப்பா, அக்கா, அந்த ஆள், அவருக்கு அந்தப் பக்கம் முந்தானையை இழுத்துப் பிடித்தபடி அம்மா. வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா போனைக் கையில் வாங்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அத வையுங்க," என்றார் அப்பா. "அத அனுப்ப வேண்டாம்."

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஊரு பாக்கவா? கடையில நாலு பேரு பாப்பான். முடிஞ்சு போனத எதுக்குத் தோண்டுதீங்க?"

அக்கா பாயிலிருந்து எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சத்தம் உயரவில்லை. "அப்பா, அதுல அம்ம இருக்கா. நீங்க வெட்டுனதுல அவளும் போயிட்டா. அவன் இருக்கான்னு அம்மையும் வேண்டாம்னு சொல்லுதீங்களா?"

"அவ இருந்தாளா அதுல?"

"இருக்கா. வந்து பாருங்க."

அப்பா எழுந்து வரவில்லை. என் மனைவிதான் இரண்டு போனையும் கொண்டுபோய் அவர் முன்னால் பிடித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"போலீஸ்ல இருந்து ஊரு பூரா விசாரிச்சேன். ஒருத்தன விசாரிக்காம விட்டுட்டேன்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அக்கா அவர் முழங்காலில் கையை வைத்தாள். பிறகு, "ஓரத்துல பிடிக்கச் சொல்லு. விரல் படப்போவுது," என்றார் என்னைப் பார்த்து.

அதை அனுப்பலாம் என்று அர்த்தம். சுருள்களை வெள்ளைத் தாளில் சுற்றி, செருப்பு டப்பாக்களில் வந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, பிஸ்கட் டின்னில் அடுக்கினோம். கூரியரில் தொலைந்துவிடும் என்று அக்காவுக்குப் பயம். அதனால் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டி, நானே ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

பென்டிரைவ் வந்தது ஆனி மாதத்தில். வெளியே சாரல் பிடித்திருந்தது. அக்காவும் அத்தானும் நனைந்துகொண்டே வந்தார்கள். இரண்டு கேசட்டுகளை மீட்க முடியவில்லை என்று கடைக்காரர் எழுதியிருந்தார். மற்றதெல்லாம் டிவியில் ஓடியது. அந்தப் படம் வந்ததும் நான் நிறுத்தினேன். அம்மாவின் பட்டு அரக்குச் சிவப்பு என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். நான் பச்சை என்று நினைத்திருந்தேன்.

அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவள் நெருங்கிப் போய் நின்று பார்ப்பதை நான் ஓரக்கண்ணால் கவனித்தேன்.

"இவன் மொகமே எனக்கு மறந்து போச்சு," என்றாள். "இவ்ளோ சின்னப் பயலாவா இருந்திருக்கான்?"

"அவர மட்டும் கம்ப்யூட்டர்லயே எடுத்துருவாங்க, கடையில சொல்லவா?" என்று மெதுவாகக் கேட்டார் அத்தான்.

"வேண்டாம். ஒரு தடவ வெட்டுனது போதும்."

அத்தான் தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்து அவர்களுடைய கல்யாணப் படங்கள் வந்தன. அதில் தனக்கிருந்த அடர்ந்த தலைமுடியைப் பார்த்ததும், கொஞ்சம் நிறுத்துங்க மாப்ள என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் எழுந்து டிவி பக்கத்தில் போனார். அக்கா அவருக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் தலையில் இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.