ரோஷம் வர ஊட்டிய காரம்

என் நாய்க்கு ஆகாததை நானே ஊட்டினேன். அது வலியில் துடித்ததற்காக அதையே அடித்தேன்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் தக்காளித் தோட்டத்துக்கு அதுதான் காவல். "உங்க நாயி திருடனுக்கே வாலாட்டி வழி காட்டுமுங்க" என்று பக்கத்துக் காட்டுக்காரர் கிண்டல் செய்வார். காரம் தின்றால் நாய்க்கு ரோஷம் வரும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். படித்திருந்தும் அதை நம்பினேன். மகன் ஓசூரிலிருந்து வாங்கி வந்த மசாலா சாஸேஜ் முழுவதையும் அதற்குப் போட்டேன்.

மறுநாள் காலை அது இரத்தமாகக் கழிந்து, நுரை தள்ளிச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. கிட்டே போன என் மேல் பாய்ந்தது. வெறி பிடித்துவிட்டதென்று மண்வெட்டிக் காம்பால் மண்டையில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். மருமகள்தான் காம்பைப் பிடுங்கினாள்.

"வெறியெல்லாம் இல்லீங்க, வயித்து வலி. காரமும் கொழுப்பும் குடலப் புண்ணாக்கிடுச்சு. சாஸேஜுல போடுற வெங்காயம், பூண்டு நாய்க்கு விஷமுங்க" என்றார் கால்நடை மருத்துவர். உயிரும் ஒரு கண்ணும் மிஞ்சின.

இப்போது உப்பில்லாத சோற்றில் வெந்த கோழியை நானே பிசைந்து வைக்கிறேன். நான் பக்கத்தில் நிற்கும்வரை அது தட்டைத் தொடுவதில்லை.

"நீங்க அந்தாண்ட போங்க மாமா, அது தின்னட்டும்" என்கிறாள் மருமகள். போய்விடுகிறேன்.