சனிக்கிழமைகளில் மேகொக்குக்குப் போன றெஜினாக்கா

எங்கள் கத்தோலிக்கப் பங்கின் கோடை ஒன்றுகூடலில் அதிர்ஷ்டச் சீட்டு இழுப்பது வழக்கம். முதல் பரிசு பெரும்பாலும் ரைஸ் குக்கராக இருக்கும். 2003இல் மட்டும் ஒரு வெள்ளை உறை. கோவிலுக்கு வரும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கொடுத்தது. மொன்றியலுக்குக் கிழக்கே மெம்பிறமேகொக் ஏரியில் அவருடைய மைத்துனர் வாடகைப் படகு வைத்திருந்தார். அந்தப் படகில் நான்கு பேர் ஒரு நாள் முழுக்கப் போய் சால்மனும் ட்ரவுட்டும் பிடித்துவரலாம்.

சீட்டு செபமாலை அண்ணைக்கு விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். "பேசாலையானுக்கே மீன்பிடிப் பரிசு!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். மன்னாரில் பேசாலை என்ற மீனவ ஊரில் பிறந்த செபமாலை அண்ணை சிரிக்கவில்லை. மேடைக்குப் போய் உறையை வாங்கினார், இறங்கி வந்து என் கணவர் றெனோல்டின் கையில் வைத்தார்.

"எனக்கு உது வேண்டாம் தம்பி. நீயும் றோசாவும் போயிட்டு வாங்கோ," என்று என்னையும் பார்த்துச் சொன்னார்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி றெஜினாக்கா அந்த உறையை றெனோல்டின் கையிலிருந்து மெல்ல எடுத்தா.

"அப்ப நான் போறன்," என்றா.

அண்ணை அவவை ஒரு முறை பார்த்தார். "உம்மட விருப்பம்," என்று சொல்லிவிட்டுத் தேநீர் வாங்கப் போய்விட்டார்.

அவர்கள் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களுக்கு மேல் வீட்டில் இருந்தார்கள். றெஜினாக்கா சபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்கு ஜிப் வைத்துத் தைப்பா. செபமாலை அண்ணை டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் மாலை வேலை. அவர் புறப்படும் நேரத்தில் அவ வேலை முடிந்து வருவா. பல நாட்களில் எங்கள் கதவுக்கு முன்னால், படிக்கட்டிலேயே சாப்பாட்டுப் பெட்டி கைமாறும். "கறி அடுப்பில கிடக்கு." "ஓம்." அவ்வளவுதான் அன்றைய பேச்சு. மகள் றொஷினி ஒட்டாவாவில் படிக்கப் போனபின் வீட்டில் அந்தச் சத்தமும் குறைந்துவிட்டது.

அண்ணைக்குக் கடலென்றால் ஏன் பிடிக்காது என்று எங்களுக்குத் தெரியும். அவருடைய தம்பி எண்பத்தாறில் கடல் தொழிலுக்குப் போன படகோடு திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவர் படகில் கால் வைத்ததில்லை. கனடாவுக்கு வந்தும் ஒரு ஏரிக் கரைக்குக்கூட அவர் போனதை நான் கண்டதில்லை. றெஜினாக்கா யாழ்ப்பாண நகரத்துப் பெண். அவவுக்கும் மீனுக்கும் இருந்த உறவு சட்டியோடு சரி.

ஓகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை விடிய முன்னரே புறப்பட்டோம். நான், றெனோல்ட், றெஜினாக்கா, அவவோடு தைக்கும் செல்வமலர். ஆட்டிறைச்சி றோல்ஸும் ஒரு பெரிய பிளாஸ்க் தேநீரும் மடியில். ஏரிக்கரை ஊரான மேகொக்கில் இறங்கியபோது ஏரியின் மேல் புகை மாதிரி மூட்டம். அக்கரையே தெரியவில்லை.

"இது ஏரியோ?" என்று செல்வமலர் கேட்டா. "நான் நல்லூர்க் கேணி மாதிரி எண்டெல்லோ நினைச்சனான்."

அந்த மைத்துனரான படகோட்டியின் பெயர் ழில். வெள்ளை மீசை, பெரிய வயிறு, தொப்பியில் இரண்டு தூண்டில் முள் குத்தியிருந்தது. எங்கள் புடவைகளையும் சப்பாத்துகளையும் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார்.

சும்மா தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் மீன்பிடி என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. கோடையில் சால்மன் குளிர்ந்த தண்ணீர் தேடி ஆழத்துக்குப் போய்விடும். அதனால் கம்பியில் கட்டிய ஒரு ஈயக் குண்டை ஆழத்துக்கு இறக்குவார்கள். நைலோன் தூண்டில் நரம்பை அந்தக் கம்பியில் ஒரு கவ்வியால் மாட்டி, மினுங்கும் தகட்டு மீனை அதன் பின்னால் இழுபட விடுவார்கள். படகு மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். தூண்டில் தடி வில்லாக வளைந்து நிற்கும். மீன் கடித்தால் கவ்வி விட்டுவிடும், தடி துள்ளி நிமிரும். அதைக் கண்டதும் பாய்ந்து பிடிக்க வேண்டும்.

மதியம் வரை ஒரு தடியும் நிமிரவில்லை. றெனோல்ட் படகின் ஆட்டத்தில் இரண்டு தரம் சத்தி எடுத்துவிட்டுப் படுத்துவிட்டார். செல்வமலர் மணிகளை உருட்டிச் செபம் சொல்லத் தொடங்கினா. படகு திரும்பும்போது இரண்டு நரம்புகள் ஒன்றோடொன்று சுற்றிப் பெரிய சிக்கலாகிவிட்டன. ழில் பெருமூச்சு விட்டுக் கத்தியை எடுத்தார்.

"நோ, நோ, மெஸ்யூ," என்று றெஜினாக்கா கையை நீட்டித் தடுத்தா. சிக்கலை மடியில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நுனி நகத்தால் ஒவ்வொரு வளையமாகத் தளர்த்தினா. ழில் கத்தியை மடக்கிவிட்டு அவவின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பொறுமை கெட்டு நான்தான் ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தேன். சிக்கல் அவிழ்ந்ததும் ழில் வலது பக்கத் தடியை அவவிடம் கொடுத்தார்.

அந்தத் தடிதான் துள்ளியது.

றெஜினாக்கா எழுந்த வேகத்தில் தேநீர்க் கோப்பை உருண்டது. ழில் பிரெஞ்சில் கத்துகிறார், நாங்கள் தமிழில் கத்துகிறோம், றெனோல்டும் எழும்பிவிட்டார். தூரத்தில் வெள்ளியாக ஒன்று தண்ணீரை விட்டு மேலே எழுந்து உடம்பை முறுக்கி விழுந்தது. "மாதாவே!" என்றா றெஜினாக்கா. நரம்பை மீன் இழுக்கும்போது விட்டுக்கொடுத்தா, ஓயும்போது சுற்றினா. ழில் வலையால் கோலி எடுத்துப் படகுத் தட்டில் போட்டபோது, கறுப்புப் புள்ளிகளோடு ஏழு எட்டு இறாத்தல் சால்மன் ஒன்று பளபளத்துக்கொண்டு கிடந்தது. றெஜினாக்கா சிரித்தா. தலையைப் பின்னால் எறிந்து, வாய் பொத்தாமல், தோள் குலுங்கச் சிரித்தா. மேல் வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து செபமாலை அண்ணை அந்த மீனைக் குசினி மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹோட்டலில் அவருக்குச் சால்மன் தோலுரித்த துண்டுகளாகத்தான் வரும். முழு மீனை அவர் தொட்டு எவ்வளவு காலமோ. பிறகு கத்தியை எடுத்துச் செதில் தட்டத் தொடங்கினார். நான் கறிவேப்பிலை கொடுக்கப் போனவள், வாசலில் நின்றுவிட்டேன்.

"கடல் மணம் இல்லை," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். "அந்தோனிக்கு மீனிட தலையெண்டாச் சரி. எனக்கு விடமாட்டான்."

றெஜினாக்கா என்னைப் பார்த்தா. கடலில் போன பிறகு பதினேழு வருடத்தில் தம்பியின் பெயரை அவர் வீட்டில் சொன்னது அதுதான் முதல் தரம் என்று பிறகுதான் எனக்குச் சொன்னா. அன்று அவர் மீன் தலையைத் தேங்காய்ப்பால் சொதியில் போட்டார். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம்.

அடுத்த கோடையிலும் நாங்கள் ஒரு தரம் போனோம். 2005 தொடக்கத்தில் தொழிற்சாலை மூடப்பட்டது. றெஜினாக்கா ஜன்னலடியில் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. கூப்பிட்டால் வருவா, தேநீர் குடிப்பா, போவா. மே மாதத்தில் ஒரு நாள் தொலைபேசி வந்தது. ழில்தான். அவருடைய தோளில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. வலை தூக்கவும் நரம்பு மாட்டவும் ஒரு கை தேவை, சிக்கல் அவிழ்த்த மதாம் சனிக்கிழமைகளில் வருவாவா என்று கேட்டார்.

அவ பஸ் பிடித்துப் போனா. அந்தக் கோடை முழுக்க, அதற்கடுத்த கோடைகளிலும், ஒவ்வொரு சனியும். ஹெயிற்றிப் பெண்களிடம் தொழிற்சாலையில் பழகிய பிரெஞ்சு அங்கே கைகொடுத்தது. மொன்றியலிலிருந்து மீன் பிடிக்க வரும் வக்கீல்களுக்கும் பல் வைத்தியர்களுக்கும் அவ முதலில் மிதவைச் சட்டை மாட்டுவா, பிறகு றோல்ஸ் கொடுப்பா. அடுத்த முறை படகு கேட்டு அழைக்கிறவர்கள், றோல்ஸ் உண்டா என்றுதான் முதலில் கேட்பார்களாம். இரவு அவ திரும்பும்போது ஐஸ் பெட்டியில் ட்ரவுட் இருந்தால் எங்கள் கட்டடத்தில் ஆறு வீட்டுக்கும் துண்டு போகும். கீழ் வீட்டுக் கிரேக்கக் கிழவர் எலுமிச்சம்பழத்தோடு கதவைத் திறந்து வைத்திருப்பார்.

வம்புக் கதையும் வந்தது. கோவில் வாசலில் சிவநேசம் என்பவர் அண்ணையிடம், "என்ன செபமாலை, மனுசி வெள்ளைக்காரங்களோட போட்டில திரியுதாம்?" என்று கேட்டார்.

"ஓம், வேலைக்குப் போறா," என்றார் அண்ணை. "நீங்களும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ. சத்தி வராட்டி மீன் படும்."

2006 யூலையில் ஒரு சனி, ஏரியில் திடீரென்று காற்று எழும்பியது. தெற்கே மலைப் பக்கம் வானம் கறுத்ததை ழில் கண்டு படகைத் திருப்புவதற்குள் அலை ஏறிவிட்டது. இயந்திரமும் இருமி நின்றது. படகில் ஒரு குடும்பம், சின்னப் பிள்ளைகள் இரண்டு. ழில் இயந்திரத்தோடு மல்லுக்கட்ட, றெஜினாக்கா முழங்காலில் நின்று ஈயக் குண்டுகளைச் சுற்றி ஏற்றி, தடிகளை எல்லாம் கட்டி, பிள்ளைகள் இருவரையும் தன் இரண்டு பக்கமும் இறுக்கிக்கொண்டு மாதா செபத்தைத் தமிழில் உரக்கச் சொன்னா. இயந்திரம் திரும்பப் பிடித்தது. ஏரிக்கரையில் இருந்த துறவிகள் மடத்துக்குக் கீழே உள்ள குடாவில் ஒதுங்கிக் காற்று ஓயும்வரை இருந்தார்கள்.

வீட்டில் அவ இதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் சொன்னா. நான் றெனோல்டுக்குச் சொன்னேன். றெனோல்டின் வாயில் எதுவும் நிற்காது.

அடுத்த சனி விடிய, அவ படியிறங்கும்போது அண்ணை சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

"எங்க வாறீங்கள்?"

"பஸ்ஸுக்கு."

"படகில ஏறப் போறீங்களோ?"

"இல்லை. கரையில இருப்பன்."

அப்படியே இருந்தார். துறையின் மர வாங்கில், தொப்பியோடு, படகு போன திசையைப் பார்த்தபடி. சனிக்கிழமை வேலையை ஹோட்டலில் வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். அந்தக் கோடை முழுக்க அவர் கரையில் இருந்தார். ழில் அவருக்குக் கோப்பி கொண்டுவந்து கொடுப்பார், இருவரும் பேசப் பொதுமொழி இல்லாமல் வானத்தைக் கைகாட்டித் தலையாட்டுவார்கள். பஸ்ஸில் போகவர இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் தாங்கள் கதைத்தது கல்யாணமான நாளிலிருந்து கதைத்ததைவிடக் கூட என்று றெஜினாக்கா சொல்லுவா. என்ன கதைத்தீர்கள் என்று கேட்டால், "சும்மா, விலைவாசி," என்பா.

செப்டெம்பரில் ஒரு தூறல் நாள், வாடகைக்கு எடுத்தவர்கள் வரவில்லை. ழில் எப்படியும் ஒரு சுற்றுப் போவோம் என்றார். றெஜினாக்கா படகில் நின்று, "வாறீங்களோ?" என்று கேட்டா. கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக் கயிறு சுற்றினாவாம், அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து.

அண்ணை எழுந்தார். சப்பாத்தைக் கழற்றினார், காலுறையையும். குனிந்து தண்ணீரைத் தொட்டுச் சிலுவை போட்டார். வெறுங்காலோடு படகில் இறங்கினார். படகு ஆடியபோது அவர் பிடிக்கு ஒன்றும் தேடவில்லை, முழங்கால் தானாக மடிந்து கொடுத்தது. நடு ஏரிக்குப் போனதும் அவர் அழுதார். ழில் இயந்திரத்தை மெதுவாக்கி, முன்னால் பார்த்துக்கொண்டு நின்றார். அழுது முடிந்ததும் அண்ணை, தடியை எப்படி மாட்டுவது என்று சைகையில் கேட்டார்.

அதன் பிறகு இரண்டு கோடை அவர்கள் இருவரும் அந்தப் படகில் வேலை செய்தார்கள். எங்கள் ஆட்களும் போகத் தொடங்கினார்கள். சிவநேசம்கூட மருமகனோடு போய் ஒரு ட்ரவுட் பிடித்து, அதைப் பற்றி ஒரு வருடம் கதைத்தார்.

2008இல் ழிலின் மற்றத் தோளும் பழுதாகிவிட்டது. வைத்தியர் போதும் என்றுவிட்டார். படகை விற்கும் முன் ழில் எங்களைக் கூப்பிட்டார். செப்டெம்பர் கடைசி. கரை மரங்கள் சிவந்திருந்தன. றெஜினாக்கா சோறும் நண்டுக் கறியும் கட்டிக்கொண்டு வந்திருந்தா. ழில் மூக்கால் தண்ணி வடிய வடிய உறைக்குது என்று சொல்லிக்கொண்டே இன்னும் கேட்டுச் சாப்பிட்டார். அண்ணை சுக்கானைப் பிடித்திருந்தார், இயந்திரம் ஆமை வேகத்தில் ஓடியது. றெனோல்ட் அன்று சத்தி எடுக்கவில்லை.

இப்போது அவர்கள் றொஷினியோடு றொறன்ரோப் பக்கம் இருக்கிறார்கள். நாங்களும் லவாலுக்கு வந்துவிட்டோம். இங்கே மேல் வீடென்று யாருமில்லை. சனி இரவுகளில் படிக்கட்டில் ஐஸ் பெட்டி இடிபட்டு ஏறும் சத்தத்துக்காக நான் கதவைத் திறந்து வைத்திருந்த காலத்தை நினைத்தால், அந்தக் கட்டடத்தின் ஈர மணமும் மீன் மணமும் சேர்ந்து வருகின்றன. ஒரு கோழிக் குழம்புக்கும் அந்த மீனின் ருசி வராது.

அந்தக் கடைசி நாளில் மீன் ஒன்றும் படவில்லை. தடிகள் வளைந்தபடியே நின்றன. பொழுது சாயும்போது ழில், திரும்புவோமா என்று கேட்டார்.

"இன்னும் ஒரு சுற்று," என்றார் செபமாலை அண்ணை, தமிழில். ழிலுக்கு அது விளங்கியது.