மவுசை இறக்கச் சோம்பல்பட்ட கிளார்க்

ஆஸ்பத்திரியில் சாவுக்குக் காரணம் எழுதுகிறவர் டாக்டர்; அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திட்டு வாங்குகிறவன் ரெக்கார்ட் கிளார்க். தர்மபுரிப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் அந்த நாற்காலி என்னுடையது. கட்டம் நிரப்பிப் பிழைக்கிற சகபாவிகளே, என் கதையைக் கேளுங்கள்.

எல்லாருக்கும் ஒரே வியாதி

புதிதில் டாக்டர்களின் கையெழுத்து எனக்குப் பிடிபடவில்லை. புரியாத இடத்திலெல்லாம் 'இதயம் நின்றது' என்று ஏற்றினேன். பாம்பு கடித்தவர், மாத்திரை அதிகமாகிப் போனவர், பைக்கிலிருந்து விழுந்தவர், யாரையும் விடவில்லை. மாதப் பட்டியலைப் பார்த்த பெரிய டாக்டரம்மா கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்: "இதயம் நிக்காம செத்தவங்க யாராச்சும் இருந்தா, அவங்க பேரை மட்டும் தனியா எழுதிக் குடுங்க."

வரும், வரும்

மாத்திரை அதிகமாகி இறந்தால் உறுப்புகளை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். ரிப்போர்ட் வரும்வரை காரணம் 'நிலுவை'. அது மாசக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். வத்தல்மலையிலிருந்து அப்படி இறந்த தம்பியின் சாவுச் சான்றுத் தாளுக்காக இறங்கி வந்த பெரியவருக்கு இதையெல்லாம் மூச்சு வாங்க விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அப்ப அவன் செத்தது மட்டும் முடிவாயிடுச்சுங்களா?"

கடைசிக் கட்டம்

நல்லம்பள்ளிப் பக்கத்து லோடுமேன் ஒருவர். முதுகுவலி தாங்காமல் வலி மாத்திரையை அளவு தெரியாமல் போட்டு இறந்துபோனார். விபத்தா, தற்கொலையா என்ற இடத்தை டாக்டர் காலியாக விட்டிருந்தார். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது. 'விசாரணையில் உள்ளது' என்று கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது; மவுசைக் கீழே இறக்கினால்தான் அது தெரியும். எனக்கோ டீ ஆறிக்கொண்டிருந்தது. மாத்திரை என்றாலே வேறென்ன என்று, கைக்கு முதலில் பட்ட 'தற்கொலை'யில் டிக் போட்டேன்.

அந்தத் தாளின் நகல் அவர் மனைவி கைக்குப் போனது. யாரோ படித்துச் சொல்ல, பொண்டாட்டி கொடுமையில்தான் போய்விட்டான் என்று ஊரே பேசியிருக்கிறது. மாமியார் வூட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். கைக்குழந்தையோடு அந்தம்மா என் மேஜை முன்னால் வந்து நின்றார். அன்று காலையில்கூட, குழந்தைக்கு மொட்டை போட நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் புருசன் கிளம்பினாராம்.

பழியை டாக்டர் மேல் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம், டிக் போட்டது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அந்தம்மா சத்தம் போடவில்லை.

"அவரு மாத்திரை போடறப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களாங்க?"

வெட்கத்தில் டாக்டரிடம் ஓடி, 'விசாரணையில் உள்ளது' என்று திருத்திக் கையெழுத்து வாங்கி, நல்லம்பள்ளிக்கு நானே கொண்டுபோனேன்; முதல் தாளை எழுத்துக்கூட்டிப் படித்த ஊரில், இரண்டாவது தாளை வாங்கிப் பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லை.