யூனியன்காரிக்கு ஒதுக்கிய அறை

நியூஜெர்சியில் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தை ஒரு தமிழ் டாக்டர் விலைக்கு வாங்கியபோது நாங்கள் அதை ஏதோ நம்மவர் கோட்டை பிடித்ததைப் போலக் கொண்டாடினோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் பிசியோதெரபிஸ்ட். ஹெச்-1 விசாவில் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. என் கிரீன் கார்டுக்கு மனுப் போடுவதாக டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பார்த்தால் எனக்கு அங்கிள், வேலையிடத்தில் சார். இரண்டு இடத்திலும் அவர் பேசப் பேச நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன்.

கட்டடத்தோடு சேர்ந்து ஒரு யூனியன் ஒப்பந்தமும் அவர் கைக்கு வந்தது. முதியவர்களைக் குளிப்பாட்டி, தூக்கி உட்காரவைத்து, சோறூட்டும் ஏய்டுகள் எல்லோரும் யூனியனில் இருந்தார்கள். யூனியன் பிரதிநிதி முன்வாசலில் சொல்லிவிட்டு உள்ளே வரலாம், மதிய இடைவேளையில் ஊழியர்களின் சாப்பாட்டு அறையில் அவர்களைச் சந்திக்கலாம் என்று அதில் ஒரு பத்தி. பழைய முதலாளி அதைப் பொருட்படுத்தியதில்லை. இவருக்குத் தாங்கவில்லை.

"எங்கப்பா மில்லுல கொடி புடிச்சவன் கேட்டுக்கு வெளியேதான் நின்னான். இங்க எவளோ ஒருத்தி என் பில்டிங்குக்குள்ள வர எனக்கே பேப்பர் காட்டறா" என்றார்.

அந்த 'எவளோ ஒருத்தி' ஐம்பது தாண்டிய கறுப்பினப் பெண். இருபது வருடம் ஏய்டாக இருந்து முழங்கால் தேய்ந்தவர். மெல்ல நடந்து வந்து, பார்வையாளர் நோட்டில் பெயரைத் தெளிவாக எழுதிவிட்டுத்தான் உள்ளே வருவார். அவர் வந்ததற்குக் காரணம் இருந்தது. சில முதியவர்களைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். டாக்டர் வந்தபின் ஒரே ஆள்தான் தூக்க வேண்டியிருந்தது. தூக்கும் இயந்திரம் பழுதாகி மூலையில் கிடந்தது. இரண்டு பெண்களுக்கு முதுகு போய்விட்டது. 'இரண்டு பேர் தேவை' என்று அந்த முதியவர்களின் சார்ட்டில் எழுதியிருந்தது நான்தான். எழுதியதோடு சரி.

முதலில் டாக்டர் சாப்பாட்டு அறைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று பூட்டினார். ஒரு பிரஷ்கூட உள்ளே போகவில்லை. பிறகு யூனியனுக்கென்று, துணி துவைத்து உலர்த்தும் லாண்டரி அறையை ஒதுக்கினார். என்னைக் கூப்பிட்டார்.

"நீ கூடவே நில்லும்மா. அவ என்ன பேசறான்னு கேட்டு எனக்குச் சொல்லு. டிரையர் நாலும் ஓடட்டும்."

மூன்று டிரையர்களில் துணியே இல்லை. காலி டிரம்களை ஒவ்வொன்றாக நானே பட்டனை அழுத்தி ஓடவிட்டேன். மாஸ்டர்ஸ் டிகிரி வாங்கியவள் செய்த வேலை. உள்ளே வந்த அந்த அம்மாள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெறுமனே சுற்றிய டிரம்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த இரைச்சலில் ஆறு பெண்களோடு கத்திக் கத்திப் பேசினார். அவர்களும் கத்தினார்கள். கையில் நோட்டோடு நின்ற எனக்குப் பாதி காதில் விழவில்லை.

மறுவாரம் டாக்டர் என் பெயரில் ஒரு வாக்குமூலத்தை டைப் செய்து நீட்டினார். பிரதிநிதி கூச்சல் போட்டு இல்லத்தின் அமைதியைக் கெடுத்தார், இனி அவரை அனுமதிக்க முடியாது என்று அதில் இருந்தது.

"கத்தினாளா இல்லையா? அதைத்தான் எழுதியிருக்கேன்."

"கத்தினாங்க சார், ஆனா டிரையர்..."

"ஆனாவெல்லாம் உனக்கெதுக்கும்மா? உன் கிரீன் கார்டு ஃபைல் அடுத்த வாரம் லாயர்கிட்ட போகுது."

கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த முறை அந்த அம்மாள் வந்தபோது டாக்டர் போலீஸைக் கூப்பிட்டார். வந்த போலீஸ்காரர் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, இது உங்கள் இருவருக்கும் உள்ள விவகாரம் என்று கிளம்பிவிட்டார். அந்த அம்மாள் இடைவேளை முடியும்வரை முன்ஹாலில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். யூனியன் விஷயத்தை நடுவர் விசாரணைக்குக் கொண்டுபோனது.

ஹைவே ஓரத்து மோட்டல் ஒன்றின் மீட்டிங் அறையில் விசாரணை. நான் துணிந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கூச்சலைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று டாக்டரின் வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். வேறெதற்கும் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த அம்மாள் துண்டுச் சீட்டில் எதையோ எழுதி யூனியன் வக்கீலிடம் தள்ளினார். வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, சந்திப்பு எந்த அறையில் நடந்தது என்று என்னைக் கேட்டார். லாண்டரியில் என்றேன். டிரையர்கள் ஓடினவா? ஓடின. உள்ளே துணி இருந்ததா?

"ஒன்றில் இருந்தது."

மற்றவற்றை ஓடவிட்டது யார் என்றார். நான் என்றேன். யார் சொல்லி? டாக்டரைப் பார்த்தேன். அவர் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் சொல்லி என்றேன். நடுவர் பேனாவை மூடினார்.

கார் நிறுத்துமிடத்தில் அந்த அம்மாளிடம் போனேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், வெட்கமில்லாமல். கேட்டதற்குப் பதில் சொன்னீர்கள், அதற்கு முன்னால் பொய்க்குக் கையெழுத்தும் போட்டீர்கள் என்றார். குரலில் கோபம்கூட இல்லை. இரண்டு பேர் தேவை என்று சார்ட்டில் எழுதினீர்களே, ஒரு தடவையாவது போய் ஏன் ஒருத்தரே தூக்குகிறார் என்று கேட்டீர்களா என்றார். அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

தீர்ப்பு யூனியன் பக்கம் வந்தது. சாப்பாட்டு அறை திறந்தது, தூக்கும் இயந்திரமும் பழுது பார்க்கப்பட்டது. டாக்டர் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் வம்பு என்று வக்கீல் எச்சரித்திருப்பார். என் ஃபைல் மட்டும் எங்கேயும் போகவில்லை. கோயிலில் அவருக்குப் பொன்னாடை போர்த்திய அன்று, என் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆன்ட்டி இன்னொருவரிடம், நம்ம ஆளுக்கே இப்படிப் பண்ணிட்டாளே என்றார். முதுகு போன பெண்களைப் பற்றி அந்த மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. சொன்னாலும் பொங்கல் ஆறிவிடும் என்று வரிசையில் போய் நின்றிருப்பார்கள்.

மறுவருடம் டெக்சாஸில் இர்விங் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலை கிடைத்து, கிரீன் கார்டை முதலிலிருந்து ஆரம்பித்தேன். சேர்ந்த முதல் நாள் மேனேஜர் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார். இங்கே யூனியன் கிடையாது, வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது என்று, பார்க்கிங் வசதியைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் தலையாட்டினேன்.