வானத்தில் ஏறிய மாம்பழ லாரி

பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கென்றே ஒரு செயற்கைக்கோள் எங்கள் தலைக்கு மேல் வந்து போகும். கையடக்க செட்டில் பேசினால் வாங்கித் திருப்பி அனுப்பும். காஷ்மீர்க்காரருக்கும் கேட்கும், இலங்கைக்காரருக்கும் கேட்கும். ஒரு தடவை வந்தால் சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தில், போன மாம்பழ சீசன் முழுக்க எவனோ ஒருவன் கத்தினான்: "தோத்தாபுரி லாரி வந்துக்கினு இருக்குது, கேட்டத் தொற!"

லைசென்ஸ் இல்லாத குரல். அது குறுக்கே வந்ததால் மற்ற யாராலும் பேச முடியவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார்: "வந்துக்கினு, போய்க்கினு என்று நம்மில் பேசுவது புத்தூர்க்காரர் ஒருவர்தானே?"

புத்தூர்க்காரன் நான். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, இன்றுவரை ஒரு விதியை மீறாதவன். ஊர்ப்பேச்சை வைத்துத் திருட்டுப் பட்டமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானில்லை என்று எழுதினேன். எல்லோரும் படித்தார்கள், ஒருவரும் நம்பவில்லை.

ஆன்டெனாவை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குரல் உரக்கக் கேட்கும் பக்கமாகப் போக வேண்டும். வழியில் டீக்கடைக்காரர் என்னைக் கேபிள் டிவி ஆள் என்று நினைத்து, படம் சரியாகத் தெரிவதில்லை என்று சண்டைக்கு வந்தார். கார்வேட்டிநகரம் சாலையில் ஒரு மாம்பழக்கூழ் ஃபாக்டரி வாசலில் தேடல் முடிந்தது.

சூப்பர்வைசர் சிரித்தார். "கேட்டுக்கும் எடைமேடைக்கும் நடுவுல பேசிக்கினு இருக்கோம். இது எப்பிடி சார் வானத்துக்குப் போவும்?"

ஆன்லைனில் மலிவாக வாங்கிய வாக்கிடாக்கி. எந்த அலைவரிசையில் வந்ததோ அதிலேயே பேசியிருக்கிறார்கள்; அது எங்கள் செயற்கைக்கோள் கேட்கும் அலைவரிசை. விற்றவனுக்குச் சொல்லத் தோன்றவில்லை, வாங்கியவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. கெட்ட பேர் மட்டும் எனக்கு!

வெட்கப்படட்டும் என்று, செயற்கைக்கோள் வரும்வரை காத்திருந்தேன். எடைமேடைக்காரர் வழக்கம்போல வாக்கிடாக்கியில் கத்தினார். அந்தக் குரல் மேலே போய் என் செட்டில் இறங்கியது. வெட்கமாவது ஒன்றாவது! ஃபாக்டரியே கூடிக் கைதட்டியது. "எங்க வீட்டாண்ட சொன்னா நம்ப மாட்டாங்க சார்" என்றார் எடைமேடைக்காரர்.

நான் புத்தூர்க்காரன், மாலையில் செயற்கைக்கோள் திரும்ப வரும்போதும் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று தொண்டை வற்றத் திட்டினேன். இனி செல்போனிலேயே பேசிக்கொள்வதாகச் சூப்பர்வைசர் சத்தியம் செய்தார். வீட்டுக்கு வந்ததும் குழுவில் எழுதினேன்: "ஆள் பிடிபட்டாயிற்று. மாலையில் கேட்டுப் பாருங்கள்."

மாலையில் குழு மொத்தமும் காத்திருந்தது. செயற்கைக்கோள் தலைகாட்டியதும் அதே எடைமேடைக்காரர், இலங்கை வரைக்கும் கணீரென்று:

"புத்தூர் சார்! இனிமே இதுல பேச மாட்டோம் சார். எங்களுக்கு இதெல்லாம் காட்டினீங்களே, ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்!"