காலி நாற்காலிக்கு உயர்ந்த கைகள்

ஆம்பூரை அடுத்த ஒரு தோல் கிடங்கில், பச்சைத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டுப் புரட்டும் வேலை காசிநாதனுக்கு. அவர் கைகள் முழங்கைவரை வெளுத்து, ரேகை அழிந்திருந்தன. அவர் தெருவில் எல்லா ஆண்களுக்கும் அதே கைகள்தான்.

ஊரில் மூன்று தலைமுறையாக, நிலமெல்லாம் கையில் வைத்திருந்த மிட்டாதார் வீட்டார் சொன்னதுதான் நடந்தது. சர்க்கார் பஞ்சாயத்துத் தேர்தல் கொண்டுவந்தபோதும் மிட்டாதார் வரதப்பரே பிரசிடெண்ட். கிடங்குக் கழிவு இறங்கித் தெருக் கிணறு பழுப்பாகிவிட்டது. நல்ல தண்ணீர் இருந்தது மிட்டாதார் தோப்புக் கிணற்றில். தெருக்காரர்களை அங்கே விடவில்லை. ஒரு கோடையில் காசிநாதனின் மகள் வயிற்றுப்போக்கில் செத்தாள்; மகன் பிழைத்துக்கொண்டான். அடுத்த தேர்தலில் தானே நிற்பதாகக் காசிநாதன் சொன்னார்.

அதற்குள் வரதப்பர் இறந்துபோனார். மகன் ராஜரத்தினம் நின்றான். அப்போதெல்லாம் கை தூக்கித்தான் ஓட்டு; எண்ண ஓர் அதிகாரி வந்திருந்தார். சாவடி மேடையில் அப்பாவின் நாற்காலியைப் போட்டு, அவர் சால்வையை அதன்மேல் போர்த்தினான்.

"அய்யா பாத்துக்கினுதான் இருக்காரு. கைய தூக்குங்க."

கைகள் எழுந்தன. வெயிலில் வெள்ளை வெள்ளையாக, சத்தமே இல்லாமல். காசிநாதன் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய வலது கையும் மேலே நின்றது. அவர் தூக்கவில்லை. இடது கையால் பிடித்து இழுத்துத்தான் இறக்க வேண்டியிருந்தது.

பயம் தாளாமல்தான் அவர் மேடை ஏறினார். சால்வையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வரதப்பர் பூசிவந்த ஜவ்வாது வாசனை குப்பென்று வந்தது. கூட்டம் பின்வாங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை.

தோல் வண்டி ஓட்டும் ஜியாவுல்லா முதலில் வாய் திறந்தார். "இன்னாத்துக்கு பயம்? என் கை காசி அண்ணனுக்கு. மறுபடி எண்ணுங்க சார்."

அதிகாரி மறுபடி எண்ணினார். காசிநாதன் ஜெயித்தார்.

தோப்புக் கிணறு திறந்தது. முதல் நாள் பெண்கள் குடத்தோடு வந்து சும்மா நின்றார்கள். காசிநாதனின் மனைவி கண்ணம்மாள் வாளியை இறக்கிய பிறகே மற்றவர்கள் கிட்டே வந்தார்கள்.

ஆனால் கூட்டங்களில் ஒன்று நடந்தது. காசிநாதன் பேசி முடிக்கும் முன்பே எல்லாக் கைகளும் எழுந்துவிடும். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் சோதித்துப் பார்த்தார்.

"தோப்புக் கெணத்த திரும்பவும் மூடிடலாம். சம்மதமா?"

கைகள் எழுந்தன. தண்ணீர் சுமந்து தோள் காய்த்த பெண்களின் புருஷர்களும் தூக்கினார்கள். ஜியாவுல்லா ஒருவர்தான் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தார்.

காசிநாதன் அதைத் தீர்மானமாக எழுதாமல் வீடு வந்தார். "அவங்க என்னப் பாக்கல கண்ணம்மா. எனக்குப் பின்னாடி யாரையோ பாக்கறாங்க."

பதவியை விட்டார். ஊரார் வீட்டுக்கு வந்து, மகனையாவது நிறுத்துங்கள் என்றார்கள். கண்ணம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"எம்புள்ள உங்க அடுத்த மிட்டாதாரா? ஜியாவுல்லா அண்ணன் இருக்காரு, அவரப் போய்க் கேளுங்க."

அந்த வாரமே குடும்பம் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. அங்கே இன்னொரு கிடங்கில் சுண்ணாம்பு வேலை செய்தே காசிநாதன் செத்தார். அவர் பிரசிடெண்டாக இருந்தவர் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. கண்ணம்மாளும் சொல்லவில்லை.