கடலுக்குப் பின்னால் ஒரு மலை

சென்னைப் பத்திரிகை ஒன்றிலிருந்து படம் வரைந்து தரச் சொல்லி எனக்கு மூன்றாவது கதை தபாலில் வந்தபோது, நான் கம்பத்தில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் தனியாகக் குடியிருந்தேன். துணைக்கு ஒரு மைக்கூடு, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கண்ணாடி அழகு பார்க்க அல்ல. அந்த ஆசையை எப்போதோ விட்டாயிற்று. படத்துக்காக அசையாமல் உட்கார ஆள் கிடைக்காததால் கதாநாயகன், வில்லன், மாமனார் எல்லாம் நானே. கதாநாயகியும் நானே, மீசையை மட்டும் விட்டுவிடுவேன்.

இரண்டாவது கதைக்குப் போட்ட படம் அச்சாகி வந்ததைக் கிட்டங்கியில் காய் பொறுக்கும் பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"ஆத்தாடி, இந்தப் புள்ள மூக்கை எங்கனயோ பாத்த மாதிரி இருக்குல்ல?"

"அங்கன பாரு, மாடிப்படியில நிக்குது. அந்த மூக்குதேன்!"

ஒரு வாரம் சிரித்தார்கள். எனக்கு வருத்தமில்லை. அந்த ஒரு வாரம் என்னிடம் நாலு பேர் பேசினார்களே!

மூன்றாவது கதையோடு ஆசிரியரின் கடிதமும் இருந்தது. இந்தப் படம் சரியாக வந்தால் மாதாமாதம் கதை வரும். இல்லாவிட்டால் சென்னையிலேயே ஓர் ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். கதையில் ஒருத்தி சென்னைக் கடற்கரையில், வராத கணவனுக்காகக் காத்து நிற்கிறாள்.

நான் கடலையே பார்த்ததில்லை. தபால்காரரிடம் கேட்டேன்.

"அண்ணே, கடலைப் பாத்திருக்கீகளா?"

"பாக்காம? ராமேசுரத்துல முங்கிட்டு வந்திருக்கேன்ல."

"எப்படி இருக்கும்?"

"தண்ணி. அம்புட்டுந்தேன்."

"அக்கரை?"

"அது இல்லாமயா இருக்கும்? நான் கண்ணை மூடிக்கிட்டுல முங்குனேன் தம்பி!"

எங்கள் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து நிற்கும். பத்திரிகைகளில் கடற்கரைப் படங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் மலை இல்லாததை வரைந்தவர்களின் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். நான் சோம்பேறி இல்லையே! இரண்டு நாள் உட்கார்ந்து, அலைகளுக்கு அப்பால் மூன்று அடுக்கு மலையை மயிரிழைக் கோடுகளால் எழுப்பி அனுப்பினேன்.

பத்தாம் நாள் படம் திரும்பி வந்தது. 'பெண் நன்றாக இருக்கிறாள். பின்னால் இருக்கும் மலையை அலுவலக மொட்டைமாடியில் ஏறி எல்லோரும் தேடினோம், அகப்படவில்லை. உடனே எடுத்துவிட்டு அனுப்பவும்.'

"என்ன எழுதியிருக்காக?" என்றார் தபால்காரர்.

"கடலுக்கு அக்கரையே தெரியாதாம் அண்ணே."

"அப்ப அம்புட்டுத் தண்ணியும் எதுல முட்டி நிக்குதாம்?"

அவர் கேட்டது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பத்திரிகை அவருடையதல்ல.

வெள்ளைச் சாயத்தைக் குழைத்து மலையை மூடினேன். மலை இருந்தவரை அவள் எங்கள் ஊர்ப்பக்கத்தில் எங்கேயோ நிற்கிறாள் என்று இருந்தது. இப்போது அவளுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, அடிவானக் கோடு ஒன்றைத் தவிர. மூக்கு வேறு என்னுடையது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் படத்தைக் கட்டி அனுப்பினேன்.

இம்முறை பாராட்டி எழுதினார்கள். இவ்வளவு தனியாக ஒருத்தி நிற்பதை எவரும் அவர்களுக்கு வரைந்து தந்ததில்லையாம். இனி அந்த மாதிரிக் கதைகளெல்லாம் எனக்குத்தானாம். சொன்ன சொல் தவறவில்லை. ரயிலைத் தவறவிட்டவன், ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பி வந்தவன் என்று மாதம் ஒருவராகத் தபாலில் வந்து என்னோடு தங்கிப் போனார்கள்.

ஒரே ஒரு தடவை கல்யாணப் பந்தி கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது பேரை வரிசையாக உட்காரவைத்து, இலை போட்டு, கீழே கொண்டுபோய்ப் பெண்களிடம் காட்டினேன்.

ஒருத்தி விரல் வைத்துக் கடைசி இலை வரைக்கும் பார்த்தாள்.

"நாப்பது எலையிலயும் நீங்கதேன் உக்காந்து திங்கிறீக."